ஒரு ரூபாய்க்கு இறக்குமதியான இடதுகைக் கத்தி

1

நான் புனேவுக்குக் குடிவந்து எட்டு வருடம் முடிந்த வாரத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஊரில் எல்லாரும் கைப்பேசி வாங்கிவிட்ட பிறகு எனக்குக் கடிதம் எழுதுகிற ஒரே உறவு அரசாங்கம்தான். ஆகையால் ஆசையோடுதான் பிரித்தேன்.

ஜெர்மனியிலிருந்து என் பெயருக்கு வந்த பொட்டலத்தில் கத்தி வகையைச் சேர்ந்த ஆயுதம் ஒன்று இருக்கிறதாம். அது சுங்கத் துறையால் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதாம். முப்பது நாளுக்குள் நேரில் வந்து விளக்கம் சொல்லாவிட்டால் பறிமுதலாகும், மேல் நடவடிக்கைக்கும் நான் உள்ளாவேன். கடிதத்தின் தேதிக்கும் அது நிக்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த தேதிக்கும் நடுவில் பதினோரு நாள் போயிருந்தது. விரைவு நடவடிக்கை என்று கடிதத்தின் தலையில் முத்திரை குத்தியிருந்தார்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. மூன்றாம் வகுப்பிலேயே எங்கள் தெருவுக்கு நான்தான் குமாஸ்தா. ரேஷன் கார்டு, மணியார்டர், முதியோர் ஓய்வூதியம் என்று எல்லாப் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். நான் நிரப்பிய படிவம் எதுவும் திரும்பி வந்ததில்லை. இப்போது ஹடப்சரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதிய நிரலில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. அப்படிப்பட்டவளை அரசாங்கம் ஆயுதக் கடத்தல்காரி என்று நினைத்துவிட்டது.

அன்றைக்கே இன்னொரு தாளும் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மலரின் டைரியில் அவள் டீச்சர் எழுதியிருந்தார்: 'மலர் இடது கையால் எழுதுகிறாள். வீட்டில் வலது கையில் பழக்கவும். பெற்றோர் கையொப்பம் தேவை.' நான் ஆயுத வழக்கில் இருந்ததால் டைரியை மூடி அலமாரி மேல் வைத்தேன்.

2

கத்தி என் அப்பாவுக்காக.

அப்பா ஒரு மாங்கன்று நர்சரியில் ஒட்டுக் கட்டுகிறவர். வேர்ச்செடியின் தலையைச் சீவி, நல்ல மரத்துக் குச்சியையும் அதே சரிவில் சீவி, இரண்டையும் ஒட்டவைத்து நாடா சுற்ற வேண்டும். இரண்டு வெட்டும் கண்ணாடி மாதிரி சமமாக இருந்தால் தழைக்கும். கொஞ்சம் அலை விழுந்தாலும் குச்சி காய்ந்துவிடும். இதற்கான கத்தியை ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சரிவாகவும் தீட்டியிருப்பார்கள். சரிவு எந்தப் பக்கம் என்பது நீங்கள் எந்தக் கைக்காரர் என்பதைப் பொறுத்தது. அப்பா இடதுகைக்காரர். கடையில் விற்கிற கத்திகளோ வலதுகைக்காரர்களுக்கு மட்டும் பிறந்தவை.

முப்பது வருடம் அவர் ஒரு பழைய ரம்பத் துண்டைத் தன் கைக்குத் தகுந்த மாதிரி தீட்டி வைத்திருந்தார். போன வருடம் அது முறிந்தது. சாணைக்காரரிடம் இரண்டு முறை வேறு செய்து பார்த்தார். ஒன்று வளைந்தது, ஒன்று மொக்கையானது. முதலாளி வாங்கிக் கொடுத்த புதுக் கத்தியில் அப்பாவின் வெட்டு அலை அலையாக விழுந்தது. ஒட்டுகள் வரிசையாகக் காய்ந்தன. முதலாளி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். இந்த மழைக்கும் இப்படியே இருந்தால் அப்பா கன்று வைக்கும் பிளாஸ்டிக் பாக்கெட்டில் மண் நிரப்புகிற பெண்களோடு உட்கார்ந்துகொள்ளலாம்.

அப்பா அதை என்னிடம் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னாள்.

இடதுகை ஒட்டுக் கத்தி ஜெர்மனியில் செய்கிறார்கள் என்று நான் இணையத்தில் கண்டுபிடித்தேன். அப்போதுதான் என்னோடு வேலை செய்த கவிதா, கோயம்புத்தூர்ப் பெண், ஒரு வருடப் பணிக்காக அங்கே கிளம்பிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குத் தன் பரிசாக வாங்கி அனுப்புகிறேன் என்றாள். நான் பெருமையோடு அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"கத்தியச் சும்மா வாங்கக் கூடாது பாப்பா. ஒறவு அறுந்துடும். ஒரு ரூபாயாச்சும் அந்தப் பொண்ணு கையில குடுத்துடு."

"அது பரிசுப்பா."

"பரிசுதான். ரூபாயக் குடுத்துடு."

மறுநாள் அலுவலகக் கேன்டீனில் கவிதாவிடம் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்தேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நானே கேக்கணும்னு இருந்தேனுங்க்கா. எங்கூட்லயும் அப்படித்தானுங்க்கா. சங்கட்டமா இருந்துச்சு, உட்டுட்டேன்."

நாங்கள் இருவரும் பொறியியல் பட்டதாரிகள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

3

சுங்க அலுவலகம் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு பழைய கல் கட்டடத்தில் இருந்தது. வாசலில் இளநீர்க் கடை. கடைக்காரர் என் முழங்கை நீளத்துக்கு ஓர் அரிவாள் வைத்திருந்தார். வாயிற்காவலர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்ததும் என் பையைத் துழாவி, டிபன் பாக்ஸுக்குள் இருந்த ஸ்பூனை வெயிலில் திருப்பிப் பார்த்து, அபாயம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே விட்டார்.

என் கோப்பு கதம் என்ற அதிகாரியிடம் இருந்தது. ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் ஹிந்தியில் பேசினார். நான் என்னுடைய ஹிந்தியில் பேசினேன். இரண்டும் ஒரே மொழி இல்லை என்றாலும் வேலை நடந்தது.

"பைட்டியே மேடம்" என்று நாற்காலியைக் காட்டினார். "இது என்ன?"

அரக்கு வைத்துக் கட்டிய உறைக்குள்ளிருந்து மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்றை எடுத்தார். விரித்தால் என் சுட்டுவிரல் நீளம் தகடு.

"மாமரத்து ஒட்டுக் கத்தி."

"மாம்பழம் நறுக்கறதுக்கா?"

"மாமரம் உண்டாக்கறதுக்கு."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "கத்தியால மரத்தை வெட்டுவாங்க மேடம். உண்டாக்க மாட்டாங்க."

பிறகு பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த பச்சைச் சீட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். அதில்தான் என் விதி இருந்தது. அனுப்புகிறவர் 'பரிசு' என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தால் சின்னப் பொருள் என்று விட்டிருப்பார்கள். கவிதா மனசாட்சியுள்ள பெண். 'மற்றவை' என்ற கட்டத்தில் குறியிட்டு, பக்கத்தில் அழகாக எழுதியிருந்தாள்: 'விற்பனை. விலை, ஒரு இந்திய ரூபாய். பணம் பெறப்பட்டது.'

"ஜெர்மனியில ஒரு ரூபாய்க்குக் கத்தி விக்கறாங்களா? எனக்கும் நாலு சொல்லுங்க" என்றார் கதம்.

அந்த ஒரு ரூபாயால் நான் செய்த குற்றங்களை அவர் விரல் விட்டு எண்ணினார். விற்பனை என்றால் அது வியாபார இறக்குமதி. என்னிடம் இறக்குமதியாளர் பதிவு இல்லை. விலையைக் குறைத்துக் காட்டியது இரண்டாவது. மூன்றாவது, இது ஆயுதமாக இருக்கலாம். நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சீட்டை எப்படி நிரப்ப வேண்டும் என்று கவிதா எனக்கு மின்னஞ்சலில் கேட்டிருந்தாள். 'உண்மையை எழுது' என்று பதில் போட்டவள் நான். வாழ்நாளில் என்னிடம் திரும்பி வந்த முதல் படிவம் அது.

"அனுப்பினவங்க கிட்டயிருந்து இது பரிசுதான், பணம் வாங்கலன்னு ஒரு கடிதம் வாங்குங்க. ஆயுதம் இல்லன்னு நிரூபியுங்க. அப்புறம் பாக்கலாம்."

"ஆயுதம் இல்லன்னு எப்படி நிரூபிக்கறது?"

"அது உங்க பொறுப்பு மேடம். ஆயுதம்னு சந்தேகப்படறது மட்டும்தான் எங்க பொறுப்பு."

4

அடுத்த பத்து நாள் கத்தியின் நீளத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டதை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தராது. சுங்க அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்த முதல் குமாஸ்தா நான்கு அங்குலத்துக்குள் இருந்தால் குற்றமில்லை என்றார். இரண்டாமவர் ஆறு என்றார். மூன்றாமவருக்கு நீளம் முக்கியமில்லை. பொத்தானை அழுத்தினால் தானாகத் திறக்குமா என்று கேட்டார். திறக்காது, நகத்தால் இழுக்க வேண்டும் என்றேன். "நகம் நீளமா?" என்றார். காவல் நிலையத்தில் கேட்டபோது, மடக்கினால் எவ்வளவு, விரித்தால் எவ்வளவு, இரண்டையும் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஒரே கத்தி இருந்த இடத்திலேயே ஒரு மேஜையில் குற்றவாளியாகவும் அடுத்த மேஜையில் நிரபராதியாகவும் இருந்தது.

பக்கத்து வீட்டு சுந்தரம் மாமா தேஹு ரோடு படைக்கலக் கிடங்கில் குமாஸ்தா. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். மாடியில் துணி காயப்போடும்போது விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அரே, ஒரு சாக்கூக்காக யாராவது கஸ்டம்ஸ் பின்னாடி சுத்துவாளா? சோட் தோ, விட்டுடும்மா! மண்டில போனா இருவது சாக்கூ கிடைக்கும், ஏக்தம் சஸ்தா, கொள்ளை மலிவு" என்றார்.

"இடதுகைக் கத்தி கிடைக்குமா மாமா?"

"கத்திக்கு ஏதும்மா கை?"

பகலெல்லாம் பீரங்கிக் குண்டுக்குக் கணக்கெழுதுகிறவர் அவர்.

கடைசியில் சட்டப் புத்தகக் கடைக்குப் போய் ஆயுதச் சட்டத்தின் விதிகளையே வாங்கினேன். ஹடப்சர் போகும் அலுவலகப் பேருந்தில் தினமும் ஒன்றரை மணி நேரம். படிக்க நல்ல இடம். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால்தான் உரிமம் வேண்டும் என்று அதில் இருந்தது. அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் உண்டானவற்றுக்கு விலக்கு. பேருந்திலேயே எழுந்து நிற்கலாம் போலிருந்தது. மதியம் கதமுக்குப் போன் செய்து அந்த வரியைப் படித்துக் காட்டினேன்.

"அது ஆயுதச் சட்டம் மேடம். நாங்க சுங்கம்."

"நீங்கதானே ஆயுதம்னு எழுதியிருக்கீங்க?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "சரி, விவசாயம்னு காட்டுங்க. நேர்ல வாங்க" என்றார்.

கவிதாவிடம் பரிசுக் கடிதம் கேட்டபோது அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "வாங்கின ரூபாய வாங்கலைன்னு எப்படிங்க்கா எழுதறது? எழுதினா சும்மா குடுத்த மாதிரி ஆயிருமுங்க்கா. அப்பறம் நமக்குள்ள ஏதாச்சும் வந்துட்டா?"

"வராதுடி. ரூபா உங்கிட்டதானே இருக்கு?"

"பர்ஸ்லயே வெச்சிருக்கேனுங்க்கா."

"அப்ப சாமிக்கு ரூபா கணக்கு. கவர்மென்டுக்குக் கடுதாசி."

மறுநாள் தொலைநகல் வந்தது. கையொப்பத்துக்குக் கீழே தமிழில் பொடியாக ஒரு வரி: 'ரூபாயைத் திருப்பித் தர மாட்டேன்.'

அந்த வாரம் ஊருக்குப் பேசினேன். மலர் முதலில் போனைப் பிடுங்கி, "ஆஜோபா, கஸே ஆஹாத்?" என்று மராத்தியில் நலம் விசாரித்தாள்.

"பாப்பா என்னா சொல்லுது?"

"தாத்தா எப்படி இருக்கீங்கன்னு கேக்கறாப்பா." மலரின் தமிழில் மழலை போவதற்கு முன்பே தமிழ் போய்விடும் போலிருக்கிறது. அது வேறு வழக்கு.

"நான் நல்லா கீறன். மழ புடிச்சிக்கிச்சி. குச்சியெல்லாம் வந்து எறங்குது."

"நீங்க கட்டறீங்களாப்பா?"

"மண்ணு ரொப்புறன். இன்னும் மூணு வாரம் இருக்குது பருவம். அதுக்குள்ள வந்தா கட்டலாம். வராட்டியும் என்னா, மண்ணும் வேலதான்."

என் அப்பா 'வராட்டியும் என்னா' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

5

இரண்டாவது முறை போகும்போது எங்கள் குடியிருப்பு மாமரத்திலிருந்து நான்கு குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போனேன். வாசலில் காவலர் அவற்றை அனுமதிக்க யோசித்தார். இளநீர்க்காரரின் அரிவாள் அவர் முதுகுக்குப் பின்னால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கதம் தொலைநகலைப் படித்தார். அந்தத் தமிழ் வரி என்னவென்று கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை. ஒரு ரூபாயின் முழுக் கதையையும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எங்க அம்மாவும் கத்தி சும்மா வாங்க மாட்டாங்க மேடம். ஆனா எங்க அம்மா அதை ஃபார்ம்ல எழுத மாட்டாங்க."

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஈரத்துணியைப் பிரித்துக் குச்சிகளை மேஜை மேல் வைத்தாள்.

"சரி, விவசாயத்தைக் காட்டுங்க." கத்தியை எடுக்கப்போனவர் கையை இழுத்துக்கொண்டார். "நிறுத்திவெச்ச பொருளை உபயோகிக்கக் கூடாது."

"உபயோகிக்காம உபயோகம் என்னன்னு எப்படிக் காட்டறது?"

அவர் யோசித்தார். பியூனைக் கூப்பிட்டுச் சாட்சியாக நிற்கவைத்து, கோப்பில் 'பரிசோதனைக்காக மட்டும்' என்று எழுதினார். பிறகு கத்தியை மேஜையின் நடுவில் வைத்தார். என் கையில் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் கொடுக்க மாட்டார்கள்; வைப்பார்கள், எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்தேன். வலது கையால் பிடித்துக் குச்சியைச் சீவினேன். தகடு ஆழமாக இறங்கி, துள்ளி, வெளியே வந்தது. வெட்டு படிக்கட்டு மாதிரி இருந்தது. இரண்டாவது குச்சி அதைவிட மோசம். பியூன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"இதுதான் விவசாயமா?" என்றார் கதம்.

அப்பாவுக்கு ஒரு வருடமாக நடந்தது இதுதான். தப்பான கைக்குச் செய்த கத்தி. அவர் மண் நிரப்பப் போனது இந்தப் படிக்கட்டால்தான். இங்கே இன்னும் ஒரு குச்சி வீணானால் அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

ஒரு விஷயத்தை நான் இதுவரை சொல்லவில்லை. நானும் இடதுகைக்காரியாகத்தான் பிறந்தேன். பள்ளிக்கூடம் போவதற்கு முன் அப்பாவோடு நர்சரியில் உட்கார்ந்து, அவருடைய ரம்பத் துண்டால் கழித்த குச்சிகளைச் சீவி விளையாடியிருக்கிறேன். முதல் வகுப்பு டீச்சர் என் இடது கையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டி உட்காரவைத்தார். மூன்று மாதத்தில் நான் வலதுகைக்காரி ஆனேன். பிறகு வகுப்பில் முதலாவதாகவும் வந்தேன். படிப்பு என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா படிக்கவில்லை. அதனால் அவருடைய கை தப்பித்தது. எந்த அலுவலகம் போனாலும் அவரிடம் இடது கைப் பெருவிரலைத்தான் கேட்டு வாங்கி மையில் தோய்த்தார்கள். அவருடைய இடது கையை மதித்த ஒரே ஆள் அரசாங்கம்.

கத்தியை இடது கைக்கு மாற்றினேன். கட்டைவிரல் எங்கே வைக்க வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. ஒரே இழுப்பு. சுருளாக ஒரு சீவல் மேஜை மேல் விழுந்தது. குச்சியின் வெட்டு ஈரமாக, சமமாக, விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. கடைசிக் குச்சியையும் அதே சரிவில் சீவி, இரண்டையும் சேர்த்துக் கதமின் மூக்குக்கு நேரே பிடித்தேன். நடுவில் கோடு தெரியவில்லை.

"டாவ்யா ஹாதானே?" என்றார். இடது கையாலா என்று அர்த்தம். வியப்பு வந்ததால் மராத்திக்குப் போய்விட்டார் போல. இரண்டு குச்சிகளையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு 'விவசாயக் கருவி' என்று எழுதி, முத்திரை குத்தி, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையாலேயே பேனாவை வாங்கிப் போட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரி இருந்தது.

முதல் தடவை வந்தபோது நான் கையெழுத்துப் போட்டிருந்த தாளோடு கதம் ஒப்பிட்டுப் பார்த்தார். "கையெழுத்து ஒத்துப்போகல மேடம். மறுபடி போடுங்க. இல்லன்னா வேற யாரோ வாங்கிட்டுப் போன மாதிரி ஆயிடும்."

வலது கையால் மறுபடி போட்டேன். ஒத்துப்போனது.

6

கத்தி பதிவுத் தபாலில் ஊருக்குப் போனது. உள்ளே என்ன என்ற இடத்தில் 'விவசாயக் கருவி' என்று எழுதினேன். வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எனக்கும் படிப்பு வருகிறது.

பருவம் முடியப் பத்து நாள் இருக்கும்போது கிடைத்ததாம். அடுத்த மாதம் அப்பாவே போன் செய்தார்.

"பாப்பா, கத்தி சொன்ன பேச்சு கேக்குது."

"தழைஞ்சுதாப்பா?"

"ஒரு வரிசதான் கட்ட முடிஞ்சுது. எல்லாம் செவப்பா தளிர் உட்டிருக்குது."

"முதலாளி என்ன சொன்னாரு?"

"அவரு என்னா சொல்லுவாரு. வந்து பாத்தாரு. மறுநா மண்ணு ரொப்புற எடத்துல வேற ஆள உக்கார வெச்சிட்டாரு." அடுத்து அவர் கேட்டார்: "அந்தப் பொண்ணு கிட்ட ஒரு ரூபா குடுத்தியா இல்லியா?"

"குடுத்தேம்பா."

"அப்ப சரி."

போனை வைத்துவிட்டு அலமாரி மேலிருந்து மலரின் டைரியை எடுத்தேன். அவள் தினமும் எடுத்துப்போய்த் தினமும் அங்கேயே திருப்பி வைத்திருந்தாள். முதல் குறிப்புக்குக் கீழே இரண்டாவது நினைவூட்டல் நீல மையிலும் மூன்றாவது சிவப்பு மையிலும் இருந்தன. மலர் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் ஒரு யானைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். 'படித்தேன். பழக்க மாட்டேன்' என்று ஆங்கிலத்தில் எழுதி, பேனாவை இடது கைக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்று டைரி திரும்பி வந்தது. சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்: 'பெற்றோர் கையொப்பம் பள்ளிப் பதிவேட்டுடன் ஒத்துப்போகவில்லை. நேரில் வரவும்.'

போகிறேன். இந்த ஊரில் எனக்கு நேரில் போய்ப் பழக்கம்.